புது காரும் கறுப்பு டேப்பும்

பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அடுத்து வண்டி எங்கே போகும்? சென்னை என்றால் பெரும்பாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு. பேஸ் மாடல் வாங்கியவர்கள் மிச்சம் பிடித்த பணத்தில் டாப் மாடலின் வசதிகளை ஏற்றிக்கொள்ளும் இடம் அது. டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, பவர் விண்டோ, ஃபாக் லேம்ப், அலாய் வீல் என்று சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். வாரண்டி என்ன ஆகும் என்று தயங்கினால், “ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் போடுறாங்க” என்ற பதில் தயாராக இருக்கும்.

அதில் பாதி உண்மை. வெளியில் எதையாவது மாட்டியதாலேயே மொத்த வாரண்டியும் பொதுவாக ரத்தாகிவிடாது. அலாய் வீல் மாற்றிய காரில் ஏசி கம்ப்ரஸர் போனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கம்பெனிதான் பார்த்துத் தர வேண்டும். அதே காரில் வீல் பேரிங் சத்தம் போட்டால் கதை வேறு. சைஸ் மீறிய வீலும் டயரும் போட்டுவிட்டு பேரிங், சஸ்பென்ஷனுக்கு கிளெய்ம் கேட்பது கஷ்டம். மாட்டிய பொருளால்தான் பழுது வந்ததா என்பதே வழக்கு. அமெரிக்காவில் இதையொட்டி 1975-லேயே தனியாக வாரண்டி சட்டம் வந்துவிட்டது. நமக்கு வாரண்டி புத்தகத்தின் பொடி எழுத்து, தகராறு முற்றினால் நுகர்வோர் கோர்ட்.

ஆனால் வயரில் கை வைத்துவிட்டால் இந்த நியாயம் எடுபடாது. வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே பேனலைக் கழற்றுவார்கள். கரண்ட் வரும் வயர் எது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பார்கள். அதன் மேல்தோலை பிளேடால் சீவி, புது வயரின் நுனியை முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றுவார்கள். பல இடங்களில் சோல்டர் கிடையாது, தனி ஃப்யூஸ் கிடையாது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்த டேப்பின் பசை இளகும். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கினால் செம்பு பச்சை பூக்கும்.

ஹெட்லைட்டில் இன்னும் துணிச்சல். கம்பெனி கொடுக்கும் சாதாரண ஹாலஜன் பல்பு 60/55 வாட். 12 வோல்ட் கணக்கில் ஹை பீமுக்கு 5 ஆம்பியர். அந்த அளவுக்குத்தான் வயரின் கனமும் ஹோல்டரும் வைத்திருக்கிறார்கள். அதில் 100/90 பல்பு போட்டால் 8 ஆம்பியரைத் தாண்டுகிறது. ரிலே வைத்துத் தனி வயரிங் இழுத்தாலாவது வயர் பிழைக்கும்; பல்பை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புகிறவர்களே அதிகம். ஹோல்டர் முதலில் பழுப்பேறும், பிறகு உருகும். எதிரே வருகிறவரின் கண் கூசுவது தனிப் பாவம்.

இப்போதைய கார்களில் விளக்கு, கதவு லாக், வைப்பர் எல்லாம் பெரும்பாலும் ஒரு கன்ட்ரோல் மாட்யூல் வழியாகவே போகின்றன. அது செத்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் டார்ச்சோடு டாஷ்போர்டுக்குக் கீழேதான் குனிவார்கள். டேப் கண்ணில் பட்டதும் மொபைலில் ஒரு போட்டோ. அந்த ஒட்டுக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பில்லை என்று சாதிக்கும் வேலை அதன் பிறகு நம் தலையில். எரிந்துபோன மாட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

பாதி விலைக்கு அதே வசதி கிடைக்கிறதே என்று கடைக்காரர்கள் கேட்பதும் நியாயம்தான். அப்படியானால் வயரை வெட்டாமல் கப்ளரில் சொருகும் வகையைக் கேட்டு வாங்கலாம். சர்வீஸுக்கு முன் கழற்றினால் தடயமே இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லி விற்கிறார்கள். அந்த யோசனை என்னுடையது அன்று.

இன்ஜின் ரீமேப் செய்தவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை: பல கார்களில் மாற்றிய சாஃப்ட்வேரை ஸ்கேனர் கண்டுபிடித்துவிடும், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் சந்தேகத்துக்குள் வரும். ஆர்சி விவரத்தோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ. இன்ஷூரன்ஸில் சொல்லாமல் விட்டால் கிளெய்மிலும் இடிக்கும்.

எனக்கு உறுத்துவது ஷோரூம் ஃபிட்டிங். அங்கே போட்டால் வாரண்டிக்குப் பயமில்லை என்று நம்பித்தான் இரண்டு மடங்கு கொடுக்கிறோம். டெலிவரிக்கு முதல் நாள் பின்கட்டில் வேலை செய்வதும் சில சமயம் வெளி ஆள்தான். பொருளும் லோக்கல், டேப்பும் அதே கறுப்பு டேப். கார் கம்பெனியின் ஜெனியூன் ஆக்சஸரி என்றால் அதற்குப் பார்ட் நம்பர் இருக்கும், பில்லில் அது ஏறும். “எல்லாம் கம்பெனி ஐட்டம்தான் சார்” என்ற வாய்வார்த்தைக்கு மூன்றாவது வருடம் மதிப்பில்லை. சொன்ன சேல்ஸ் பையன் அதற்குள் வேறு ஷோரூமுக்குப் போயிருப்பான். பேரத்தில் இலவசமாகத் தந்த ஐட்டங்களுக்குப் பல இடங்களில் பில்லே வராது. அவற்றுக்கும் பூஜ்யம் ரூபாய் போட்டு, பார்ட் நம்பரும் மாட்டிய தேதியும் எழுதி ஒரு பில் கேளுங்கள். தரத் தயங்கினால், சாவியை வாங்குவதற்கு முன்பே அந்த ஐட்டத்தைக் கழற்றச் சொல்லலாம்.