காகிதக் குதிரைகள்

பழைய இரும்பு – பகுதி 6

பழைய பிக்கப்பின் எஞ்சினைக் கழற்றி, சிலிண்டரும் கிராங்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அளந்து முடித்தவருக்கு உடனே ஓர் ஆசை வரும். இவ்வளவு செலவழித்துத் திரும்பக் கட்டுகிறோம், கட்டும்போதே குதிரைவலுவையும் கூட்டிவிட்டால் என்ன? இந்த ஆசை ஒன்ராறியோவுக்குப் புதிதல்ல. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் ஜெனரல் மோட்டர்ஸ் பல பத்தாண்டுகள் பிக்கப்புகளைக் கட்டியது. ஃபோர்டின் 351 கன அங்குல வி8 எஞ்சினை உலகமே ‘வின்ட்சர்’ என்று அழைப்பது அது பிறந்த ஒன்ராறியோ ஆலையை வைத்துத்தான். ஆசையில் தவறில்லை. எந்த எண்ணைக் கூட்டப் போகிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் தடம் மாறுகிறார்கள். விளம்பரத்தில் வருவது உச்சக் குதிரைவலு. பிக்கப்புக்கு வேண்டியதோ, அது நாள் முழுவதும் ஓடும் சுற்றில் கிடைக்கும் வலு. இரண்டாவதைக் கூட்டும் செலவே பயனுள்ள செலவு என்பது இந்த வாரத்து வாதம்.

முதலில், இழந்ததாக நாம் நினைக்கும் வலுவின் கணக்கைச் சரிபார்ப்போம். ஷெவ்ரலே பிக்கப்புகளில் பல்லாண்டுகள் இருந்த 350 கன அங்குல வி8 குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதே எஞ்சின் கோர்வெற் காரின் அடிப்படை வடிவில் 1970 இல் 300 குதிரைவலு என்று அறிவிக்கப்பட்டது. 1971 இல் அது 270 ஆனது, 1972 இல் 200 ஆனது. இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் நடந்தவை இரண்டு வேறு காரியங்கள். 1971 இல், ஈயம் கலக்காத பெற்றோலுக்கு வழிசெய்ய, அமுக்க விகிதத்தை 10.25 இலிருந்து 8.5 ஆகக் குறைத்தார்கள். அந்த 30 குதிரைவலு மெய்யான இழப்பு. மறு ஆண்டு மாறியது எஞ்சின் அல்ல, அளக்கும் முறை. அதுவரை காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேற்றர் எதுவுமில்லாமல் வெற்று எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டி எண்ணை எழுதினார்கள். 1972 முதல் வண்டியில் இருப்பது போல எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். காணாமல் போன 70 குதிரைகளில் பெரும்பாலானவை காகிதத்தில் மட்டுமே ஓடியவை. ‘என் அப்பா காலத்து எஞ்சினுக்கு 300 குதிரைவலு இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்’ என்று தொடங்குபவர், இல்லாத ஒன்றைத் தேடிக் காசைக் கொட்டுகிறார்.

அடுத்தது, சிலிண்டரைப் பெரிதாக்கினால் வலு ஏறும் என்ற நம்பிக்கை. தேய்ந்த சிலிண்டரைப் போர் பண்ணுவது கட்டாயமாகலாம். ஆனால் அதை வலுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 4 அங்குல விட்டத்தை வழக்கம்போல ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு அகலமாக்கினால் 350 கன அங்குலம் 355 ஆகும், அதாவது ஒன்றரை சதவீதம். அதற்கு மேல் ஏறவேண்டுமென்றால் பழைய 400 கன அங்குல எஞ்சினின் நீண்ட வீச்சுள்ள கிராங்கைப் போட்டு 383 ஆக்கலாம். அது உண்மையான ஏற்றம், அதற்கேற்ற செலவும் உண்டு. ஆனால் கன அளவைத் தொடாமலே எவ்வளவு கிடைக்கும் என்பதற்குத் தொழிற்சாலையே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறது.

1990 களின் தொடக்கத்தில் ஷெவ்ரலே பிக்கப்பில் வந்த 350 எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 210 குதிரைவலு தந்தது. 1996 இல் அதன் இடத்துக்கு வந்த ‘வோர்ட்டெக்’ எஞ்சின் 4600 சுற்றில் 255 தந்தது. இரண்டும் ஒரே கன அளவு. மாறியது மூச்சு விடும் பாதை: காற்றை வேகமாகச் சுழற்றி உள்ளே விடும் புதிய சிலிண்டர் ஹெட், புதிய உள்வழிக் குழாய், உருளை லிஃப்டர் கொண்ட கேம்ஷாஃப்ட், புதிய எரிபொருள் ஊசிமுறை. எஞ்சின் ஒரு காற்றுப் பம்பு. உள்ளே போகும் காற்றின் அளவே வெளியே வரும் வலுவுக்கு எல்லை. எனவே கையில் பணம் குறைவென்றால் அதை முதலில் ஹெட்டில் போட வேண்டும். இந்த வோர்ட்டெக் ஹெட்டைப் பழைய 350 எஞ்சினில் மாட்டுவோர் பலர். அதற்குத் தனி உள்வழிக் குழாய் வேண்டும், பழையது பொருந்தாது. வால்வை அதிகம் தூக்கும் கேமைச் சேர்த்தால் ஸ்பிரிங் தொப்பி வழிகாட்டிக் குழாயில் முட்டும்.

இனிக் கணக்கின் மையத்துக்கு வருவோம். அந்த 45 குதிரைவலு வித்தியாசம் 4000 சுற்றுக்கு மேல்தான் முழுதாகத் தெரியும். முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 5252 ஆல் வகுத்தால் குதிரைவலு. பழைய எஞ்சின் 2800 சுற்றில் 300 பவுண்டு-அடி முறுக்குவிசை தந்தது, அதாவது 160 குதிரைவலு. வோர்ட்டெக் அதே சுற்றில் 330 பவுண்டு-அடி, அதாவது 176. விளம்பரத்தில் 45, நடுச்சுற்றில் 16. பிக்கப் எந்தச் சுற்றில் ஓடுகிறது? பின்னச்சு விகிதம் 3.73, ஓவர்டிரைவ் 0.70, சக்கர உயரம் 28.5 அங்குலம் என்று வைத்தால், 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் சுமார் 1900 சுற்றில்தான் இருக்கும். நகரத்து நெரிசலில் அதற்கும் கீழே. 4600 சுற்றைத் தொடுவது நெடுஞ்சாலையில் ஏறும்போது சில நொடிகள். ஆகவே கேம் தேர்வில்தான் பலர் கவிழ்கிறார்கள். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் உச்ச எண்ணை ஏற்றும், கீழ்ச்சுற்று முறுக்குவிசையைத் தின்னும். சும்மா நிற்கும்போது உள்வழி வெற்றிடத்தையும் குறைக்கும். பிரேக்குக்குத் துணை தருவது அந்த வெற்றிடம்தான். வலு கூட்டப்போய் நிறுத்தும் சக்தியை இழப்பது நல்ல வியாபாரம் அல்ல.

எல்லாச் சுற்றிலும் பலன் தருவது அமுக்க விகிதம். 8.5 ஐ 9.5 ஆக்கினால் வெப்பத்தை வேலையாக்கும் திறன் கோட்பாட்டளவில் சுமார் 3 சதவீதம் உயரும். எண் சிறிதுதான், ஆனால் கூடுதல் எரிபொருள் கேட்காமல், 1900 சுற்றிலும் கிடைப்பது. எவ்வளவு ஏற்றலாம் என்பதை முடிவு செய்வது எரிபொருள். யாழ்ப்பாணத்தில் 1990 களின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அப்படி ஓட முடிந்ததற்கு அவற்றின் குறைந்த அமுக்கமும் ஒரு காரணம். எரிபொருள் தரம் தாழ்ந்தால் அமுக்கமும் தாழவேண்டும். ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோல் 87 ஒக்ரேன், உயர்தரம் 91, சில நிலையங்களில் 94. கணினிக் கட்டுப்பாடு இல்லாத, வார்ப்பிரும்பு ஹெட் போட்ட கார்புரேற்றர் எஞ்சினை 87 இல் ஓட்ட நினைப்பவர் 9 க்கு அருகில் நிற்பதே புத்தி. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் பம்பில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும், அல்லது பிஸ்டன் தட்டுவதைக் கேட்க வேண்டும். இன்னொன்று, மாகாணச் சட்டப்படி பெற்றோலில் எதனோல் பங்கு 2020 முதல் 10 சதவீதம், 2025 முதல் 11, 2030 இல் 15. எதனோல் ஒக்சிசன் சுமந்து வருவதால் பழைய ஜெற் அளவில் கலவை மெலியும், பழைய ரப்பர்க் குழாய்கள் கெடும். இரண்டையும் மாற்றாமல் கட்டிய எஞ்சின் பாதிக் கட்டுமானமே.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ‘இன்றைய ஃபோர்ட் எஃப்-150 இன் 2.7 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 325 குதிரைவலு தருகிறதே, பழையதோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?’ என்பது வலுவான கேள்வி. வலு மட்டுமே குறிக்கோள் என்றால் பதில் இல்லை, புதியதை வாங்குங்கள். ஆனால் கிராங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, எப்படியும் பட்டறைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் கேள்வி வேறு: அதே கூலிக்குள் கூடுதலாக எதைப் பெறலாம் என்பது. ‘நெடுஞ்சாலையில் ஏறும் அந்தச் சில நொடிகளும் முக்கியம்தானே?’ என்பாரும் உண்டு. உண்மை. அதனால்தான் ஹெட்டை முதலில் வைத்தேன், அது கீழேயும் கொடுக்கிறது மேலேயும் கொடுக்கிறது. பெரிய கேம் மேலே கொடுப்பதைக் கீழே இருந்து எடுக்கிறது. ‘காற்று மாசு?’ என்பது மூன்றாவது. சாதாரண வண்டிகளுக்கான புகைச் சோதனை 2019 ஏப்ரலில் நின்றுவிட்டது என்பதற்காக, கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறியும் உரிமை வந்துவிடவில்லை. ஒன்ராறியோவில் அது இன்றும் குற்றம். மேலும் 30 ஆண்டு கடந்த வண்டிக்கு வரலாற்று இலக்கத் தகடு வேண்டுமென்றால் வண்டி பெரிதும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆகவே செலவின் வரிசை இப்படி அமையட்டும்: முதலில் அளவு சரியான சிலிண்டரும் நேரான கிராங்கும், அடுத்து ஹெட், பிறகு எரிபொருளுக்கு ஏற்ற அமுக்கம், கடைசியில் அடக்கமான கேம். இதற்கெல்லாம் முன்பு ஒருமுறை பின்னச்சைப் பாருங்கள். 3.08 விகிதம் இருந்தால் 3.73 ஆக மாற்றுவது, எஞ்சினைத் தொடாமலே ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் முறுக்குவிசையை 21 சதவீதம் கூட்டும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், அது அதன் விலை. உப்புத் தூவிய சாலைகளில் பல குளிர்காலம் ஓடிய வண்டி என்றால், கூட்டிய வலுவைத் தாங்கும் சட்டகம் கீழே மிச்சமிருக்கிறதா என்பது இன்னும் முந்திய கேள்வி. எஞ்சினை மேடையில் ஏற்றும் முன்பே அதற்கு விடை வேண்டும்.

அடுத்த வாரம்: துருவேறிய சட்டகத்தை ஒட்டுப் போடலாமா, ஒதுக்கிவிட வேண்டுமா?