விபத்தும் நஷ்ட ஈடும்

1978-ஆம் ஆண்டு, நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவில் வாழ்ந்த வண்டிக்காரர் ஒருவர், விடிவதற்கு முன்பே நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நகரத்து மண்டிக்குப் புறப்பட்டார். நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லாரி ஒன்று அவருடைய மாட்டு வண்டியின்மீது மோதியது. அவர் அந்த இடத்திலேயே உயிர் நீத்தார்.

வழக்கு நடந்தது. "வண்டியில் விளக்கே எரியவில்லை, தவறு வண்டிக்காரருடையது" என்றார் லாரி ஓட்டுநர். வண்டியின் அடியில் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது என்றார் இறந்தவரின் மனைவி. உடைந்த லாந்தர் ஒன்று சாலையோரப் பள்ளத்தில் அகப்பட்டது உண்மை. ஆனால், மோதிய நேரத்தில் அது எரிந்ததா, அணைந்திருந்ததா? கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, லாரி ஓட்டுநரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. மூன்று குழந்தைகளோடு நின்ற அந்த அம்மையாருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, இது நீதிபதியின் பிழையன்று. அன்றைய சட்டம் அப்படி இருந்தது. நஷ்ட ஈடு வேண்டுமானால் எதிர்த் தரப்பின் கவனக்குறைவை நிரூபித்தே ஆகவேண்டும் என்று 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருந்தது. இறந்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார். சாலையில் நின்றவர்களோ நீதிமன்றத்திற்கு அஞ்சி விலகுவார்கள். ஆகவே, நிரூபிக்கும் சுமை மிக எளியவர்களின் தலைமீதே விழுந்தது.

இதற்கு மாற்றாகப் பிறந்ததுதான் 'தவறு பாராப் பொறுப்பு' என்னும் கொள்கை. யார்மீது தவறு என்று முதலில் கேளாமல், யாருக்கு என்ன துன்பம் நேர்ந்தது என்று கேட்பது இதன் சாரம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1971-இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. அங்கே அடிபட்டவருடைய மருத்துவச் செலவின் முதற் பகுதியை, தவறு யாருடையதாயினும், அவர் சார்ந்த இன்ஷூரன்ஸே கொடுக்கும். நியூசிலாந்து 1974-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. காயங்களுக்காக வழக்குத் தொடரும் உரிமையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, பொது நிதியிலிருந்தே உதவி வழங்க ஏற்பாடு செய்தது.

நம் நாட்டில் 1982-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இக்கொள்கையை மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தது. மரணத்திற்கு 15,000 ரூபாய். நிரந்தர ஊனத்திற்கு 7,500 ரூபாய். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை 25,000, 12,000 என்று உயர்த்தியது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 50,000, 25,000 என்று ஆக்கியது. இத்தொகையைப் பெற்றுக்கொண்டு, மிகுதிக்காக வழக்கைத் தொடரவும் அப்போது இடம் இருந்தது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் புதிய விதிகள் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. இப்போதைய 164-ஆம் பிரிவின்படி, மரணத்திற்கு 5 லட்சம் ரூபாய். கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாய். வண்டியின் சொந்தக்காரரோ, அவருடைய இன்ஷூரன்ஸ் நிறுவனமோ இதைக் கொடுக்க வேண்டும். ஓட்டுநரின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், அதற்கென அமைந்த திட்டத்தில் மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு. இவையன்றி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டுக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2025-இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவும் நன்மையே. ஆயினும், இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அதைச் சொல்லவே இன்று நான் வந்தேன். 164-ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால், தவற்றை நிரூபித்து முழு நஷ்ட ஈடு கேட்கும் 166-ஆம் பிரிவு மனு அற்றுப்போகும். பழைய சட்டத்தில் இத்தொகை முதற் கவளம். இப்போது அதுவே முழு உணவு.

வேறுபாடு எவ்வளவு என்று ஒரு கணக்கினால் காட்டுகிறேன். முப்பது வயதுத் தையற்காரர் ஒருவர். மாத வருவாய் 15,000 ரூபாய். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருக்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறைப்படி, வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஓர் ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்குரிய 17 என்னும் எண்ணால் பெருக்கினால் 32,13,000 ரூபாய்! ஒருபுறம் 5 லட்சம்; மறுபுறம் 32 லட்சம்.

அப்படியானால் எல்லோரும் வழக்கே தொடரலாமே என்பீர்கள். அதுவும் சரியன்று. தவறு இருபுறமும் பாதிப் பாதி என்று தீர்ந்தால் தொகையும் பாதியாகும். முழுத் தவறும் இறந்தவருடையது என்று தீர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. சாட்சி இல்லாதவருக்கும், தம் பக்கமே பிழை உள்ளவருக்கும் 164-ஆம் பிரிவு பெருந்துணை. நல்ல சாட்சியம் உள்ளவருக்கு அது நஷ்டமாகவும் முடியலாம். ஆகவே, முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்றுகள், வருவாய்க்கான ஆதாரம், வண்டியின் எண் ஆகியவற்றைக் காலம் தாழ்த்தாமல் சேகரித்து, வழக்கறிஞர் ஒருவரிடமோ, இலவசச் சட்ட உதவி மையத்திலோ காட்டிய பிறகே எந்த வழி என்று முடிவு செய்யவேண்டும்.

துக்க வீட்டில் இதையெல்லாம் நினைவில் வைப்பவர் யார்? படித்த பிள்ளைகளாகிய நீங்கள்தாம். ஒப்பந்தக் காகிதம் ஒன்று வரும்போது, வீட்டுப் பெரியவர்கள் கலங்கிய கண்களோடு கையெழுத்திடப் போவார்கள். அவர்களை ஒரு கணம் நிறுத்தி, அதில் எந்தப் பிரிவின் எண் எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு அம்மையாருக்கு 164-ஆம் பிரிவு போன்ற ஒன்று அன்று இருந்திருந்தால், லாந்தர் எரிந்ததா என்று கேளாமலே அடுப்பு எரிய வழி செய்திருக்கும். ஆனால், முழு நஷ்ட ஈட்டுக்குப் போகிறவரிடம் சட்டம் இன்றும் லாந்தரைப் பற்றிக் கேட்கத்தான் செய்கிறது. இந்த இரண்டையும் அறிந்தவனே தன் வீட்டாருக்குச் சரியான வழியைக் காட்ட முடியும்.