செல்லுக்குள்ள ஒரு குப்பை வண்டி: புற்றுநோயை அதுல ஏத்திவிட முடியுமா?

எங்க நூம்பல் தெருவுல காலையில குப்பை வண்டி வரும். கவர்ல கட்டி வச்சதை எடுத்துக்கிட்டுப் போகும். ஆனா வாசல்ல கிடக்கிற பழைய நாற்காலியைத் தொடாது. அது தூக்கிப் போட வச்சதா, கழுவிக் காய வச்சதான்னு அந்த அண்ணனுக்கு எப்படித் தெரியும்? யாராவது வந்து, "அண்ணே, இதையும் எடுத்துக்கோங்க"ன்னு சொல்லணும்.

செல்லுக்குள்ளயும் இதே கதைதான். அங்க குப்பை வண்டிக்குப் பேரு புரோட்டியசோம். எந்தப் புரதத்தை அழிக்கணும்னு அதுக்குச் சொல்றது யூபிக்விட்டின். வெறும் 76 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம் அது. அது சங்கிலியா ஒட்டிக்கிட்ட புரதம் துண்டு துண்டாகிடும். யூபிக்விட்டின் மட்டும் கழன்று வந்து அடுத்த வேலைக்குப் போயிடும். இதைக் கண்டுபிடிச்ச சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூணு பேருக்கும் 2004-ல வேதியியல் நோபல் கிடைச்சது.

ஒட்டுற வேலையை மூணு வகை நொதிகள் செய்யுது. இ1 தயார் பண்ணும், இ2 தூக்கிக்கிட்டு வரும். எதுல ஒட்டணும்னு முடிவு பண்றது இ3. நம்ம உடம்புல இ3 மட்டும் 600-க்கு மேல இருக்கு. மருந்து ஆராய்ச்சிக்காரங்களுக்கு இதுமேலதான் கண்ணு.

ஏன்னா வழக்கமான மருந்து, புரதத்தோட ஒரு பள்ளத்துல போய் அடைச்சுக்கும். பள்ளமே இல்லாத புரதத்தை என்ன பண்றது? 2001-ல கிரெய்க் குரூஸும் ரேமண்ட் டெஷேஸும் ஒரு வழி காட்டினாங்க. இரண்டு கை உள்ள ஒரு மூலக்கூறு: ஒரு கை இ3-யைப் பிடிக்கும், இன்னொரு கை நமக்கு வேண்டாத புரதத்தைப் பிடிக்கும். பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தினா போதும், மிச்சத்தை இ3 பாத்துக்கும். இதுக்குப் பேரு புரோட்டாக்.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வரேன். அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல அருள் சின்னையன்னு ஒரு விஞ்ஞானி. பேரைக் கேட்டாலே காது நிமிருது இல்ல? புராஸ்டேட் புற்றுநோய்தான் அவரோட களம். அந்த நோய்க்கு ஆண் ஹார்மோனைத் தடுக்கிற மருந்து கொடுப்பாங்க. கொஞ்ச காலம் கேட்கும், அப்புறம் கேட்காம போயிடும். சிக்கலே அங்கதான்.

டிஎன்ஏ செல்லுக்குள்ள இறுக்கமா சுருட்டி இருக்கும். அதைத் தளர்த்திவிடுறது ஸ்விஸ்னிஃப்னு ஒரு புரதக் கூட்டம். புற்றுநோயைத் தூண்டுற புரதங்கள் அந்தத் திறந்த இடத்துல போய் உட்காரும். அப்போ கதவைத் திறக்கிறவனையே தூக்கிட்டா? பெங்களூரு அரிஜீன் நிறுவனம் அதுக்கு ஒரு புரோட்டாக் செஞ்சது. பேரு ஏயூ-15330. அது விஎச்எல்ங்கிற இ3-யைப் பயன்படுத்துது. எலிகள்ல கட்டியோட வளர்ச்சி குறைஞ்சது. ஹார்மோன் மருந்து என்சலூட்டமைடோட சேர்த்துக் கொடுத்தப்ப இன்னும் நல்லா வேலை செஞ்சது. 2022-ல நேச்சர் இதழ்ல வந்தது. எலின்னு நான் சொன்னதை மறந்துடாதீங்க. வாட்ஸ்அப்ல "கேன்சருக்கு மருந்து வந்தாச்சு"ன்னு அனுப்பிட வேண்டாம்.

அடுத்து வாயால சாப்பிடுற மாதிரி ஏயூ-24118 வந்தது. இது பிடிக்கிற இ3-க்குப் பேரு செரிப்ளான். இந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பெரிய சோகம் இருக்கு. 1950-களோட கடைசியில கர்ப்பிணிகளுக்கு வாந்திக்காகக் கொடுத்த தாலிடோமைட், பல நாடுகள்ல 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாதிச்சது. பலர் கை கால் வளராமப் பிறந்தாங்க. அந்த மருந்து உடம்புல எதைப் பிடிக்குதுன்னு 2010-லதான் ஜப்பான் குழு கண்டுபிடிச்சது: செரிப்ளான். அது பிடிச்சதும் அழியக் கூடாத புரதங்கள் அழிஞ்சிருக்கு. அதே குடும்பத்து லெனலிடோமைட் இன்னைக்கு மைலோமாங்கிற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்குது.

"புற்றுநோய் இதுக்கும் பழகிக்காதா?"ன்னு போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. பழகிக்கும். ஏயூ-24118 கொடுத்து வளர்த்த செல்கள்ல, மருந்து கை பிடிக்கிற இடமே மாறிப்போன புரதத்தை இதே குழு பாத்திருக்கு. பிடி கிடைக்கலைன்னா இ3 பக்கத்துல இருந்தும் பிரயோஜனம் இல்ல. 600 இ3-ல இப்போதைக்கு மருந்துக்காக அதிகம் பயன்படுத்துறது செரிப்ளான், விஎச்எல் இரண்டைத்தான். மத்ததுக்கெல்லாம் பிடி தேடிக்கிட்டு இருக்காங்க.