மலைப் பூவும் மாடித் தோட்டமும்

கோடை விடுமுறை முடிந்து ஊட்டியிலிருந்து திரும்பும் குடும்பங்களை மேட்டுப்பாளையம் ரயிலடியில் பார்த்திருக்கிறீர்களா? யூகலிப்டஸ் தைலம், வர்க்கிப் பொட்டலம், கேரட் கட்டு இவற்றோடு எந்த மூட்டையிலும் அடங்காமல், வீட்டு அம்மாளின் மடியில் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருக்கும். அசேலியா! ரோஜா நிறத்தில் இலையே தெரியாமல் பூத்திருக்கும். ஜன்னலோரத்து இடம் குழந்தைக்குக் கிடைக்காவிட்டாலும் அதற்குக் கிடைத்துவிடும்.

சென்னைக்கு வந்து பதினைந்து நாளில் பூவெல்லாம் உதிரும். அப்புறம் இலை மஞ்சளாகும். ஆடி பிறப்பதற்குள் தொட்டி காலி. "எனக்குக் கைராசி இல்லை" என்று அந்த அம்மாள் பெருமூச்சு விடுவார்.

கையில் ஒரு தோஷமும் இல்லை, அம்மா. நானும் இரண்டு தொட்டிகளைப் பறிகொடுத்துவிட்டு, மூன்றாவதற்குப் பணம் எடுக்கும் முன்புதான் விசாரிக்கத் தொடங்கினேன். செடியின் பிறந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதும் சமாதானமாகிவிட்டது.

அசேலியா, ரோடோடெண்ட்ரான் என்ற பெரிய குலத்தில் பிறந்த பெண். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு 'ரோஜா மரம்' என்று பொருள். குலத்தில் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள் உண்டு. இமயமலையும் மேற்குச் சீனத்து மலைகளும் அவற்றின் முக்கியமான தாயகம். ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் பக்கத்து மலைகளில் அலைந்து, இவற்றில் பல வகைகளைச் சீமைத் தோட்டங்களுக்கு அறிமுகம் செய்தார். நேபாளத்தின் தேசிய மலர் இந்தக் குலத்துச் சிவப்புப் பூதான். உத்தரகண்டில் இதன் இதழிலிருந்து சர்பத் செய்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் அசேலியாப் பூவைப் பறித்துச் சர்பத் போட வேண்டாம். இந்தக் குலத்துச் செடிகள் பலவற்றில் நஞ்சு உண்டு. இலையைத் தின்ற ஆடுகள் செத்திருக்கின்றன.

நம் பக்கத்திலும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரமான புல்வெளிகளின் ஓரத்தில், முறுக்கேறிய கிளைகளோடு நிற்கும் மரம். 'காட்டுப் பூவரசு' என்பார்கள். நம் பூவரசுக்கும் இதற்கும் உறவு ஒன்றுமில்லை. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ரோடோடெண்ட்ரான் இது ஒன்றுதான். பட்டை தடித்திருப்பதால் புல்வெளியில் தீப்பிடித்தாலும் தாங்கிக்கொள்ளும். இலங்கையில் ஹார்ட்டன் சமவெளியில் இதன் உடன்பிறப்பைப் பார்க்கலாம்.

தீயையே தாங்கும் குலம் நம் மாடியில் ஏன் மடிகிறது?

வெயிலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கடும் கோடையிலும் சில அசேலியாக்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. அசேலியாவின் மொட்டு, சில வாரங்கள் நல்ல குளிரில் உறங்கி எழுந்தால்தான் சரியாக மலரும். சென்னையில் தை மாதத்து இரவுகூட 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கிறது. அந்தப் புழுக்கத்தில் அதற்குத் தூக்கம் ஏது?

அடுத்தது தண்ணீர். இந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். ரசாயனக் கணக்கில் சொன்னால் 4.5 முதல் 6 வரை. நம் ஆழ்குழாய் நீரோ பல இடங்களில் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும் உப்பு நீர். அதில் உள்ள சுண்ணாம்பு சேரச் சேர, மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மட்டும் மஞ்சளாகிறதே, அது இதன் அடையாளம். அதைப் பார்த்துவிட்டு எருக் குறைவோ என்று அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் போடுகிறோம். இரண்டும் புளிப்பைப் போக்குகிற சரக்கு! போதாததற்கு, வேர் மயிரிழை போல மெல்லியது. வாடுகிறதே என்று மேலும் மேலும் ஊற்றினால், சூடான ஈர மண்ணில் அழுகிவிடும்.

மலையில் வீடு இருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கவலை குறைவு. உங்கள் மண் ஒத்துக்கொள்ளுமா என்று அறியப் பக்கத்து வீட்டு ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு, தைரியமாக நடலாம். ரோஜா நிறமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். தேயிலை செழிக்கும் இடமென்றால் கேட்கவே வேண்டாம். காட்டுப் பூவரசு மரமாக வளரும். விதையிலிருந்து பூப்பதற்குப் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம். சின்னத் தோட்டத்துக்கு அசேலியாதான் ஏற்றது. காட்டுக் கன்றைப் பிடுங்கி வர வேண்டாம். அது குற்றம், பிழைப்பதும் அபூர்வம்.

குழியை ஆழத்தைவிட அகலமாக வெட்டுங்கள். தொட்டியில் இருந்த மட்டத்துக்குக் கீழே புதைக்கக் கூடாது. வேர் மேலாகவே ஓடுவதால் சுற்றிலும் கொத்தாதீர்கள். பைன் ஊசி இலையையோ சருகையோ பரப்பிவிடுங்கள். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரோரம் ஆகாது. ஊட்டி போல உறைபனி விழும் இடத்தில், காலை வெயில் நேரே படாதபடி பெரிய மரத்து நிழலில் வையுங்கள். பனி மூடிய மொட்டில் திடீரென வெயில் பட்டால் கருகிவிடும். கத்தரிப்பதைப் பூ முடிந்த கையோடு முடித்துவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த ஆண்டு மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

சமவெளியில் இருக்கும் நமக்கு? கொத்துப் பூ ஆசைக்கு இட்லிப் பூ இருக்கிறது. சிவப்பு வெட்சி ஒரு தொட்டி வைத்தால், ஆண்டில் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் உப்பு நீரில் இலை வெளுப்பதுண்டு. ஆனால் உயிரை விடாது. ஒரு லிட்டர் நீரில் கால் தேக்கரண்டி அன்னபேதி கரைத்து எப்போதாவது தெளியுங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, ஜாக்கிரதை.

ரோடோடெண்ட்ரானைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் காட்டுப் பூவரசைப் பெரும்பாலும் தவற விடுகிறார்கள். அதற்குள் மரம் பூத்து ஓய்ந்திருக்கும். பிப்ரவரியில் போங்கள். கம்பளியை மறந்துவிடாதீர்கள். திரும்பும்போது மடியில் தொட்டி வேண்டாம். அந்த இடத்தில் இன்னும் இரண்டு வர்க்கிப் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம்.