இட்ட குறியை எடுத்தல்

புத்தளம் கடனீரேரியின் கரையிலே, பாலாவி உப்பளங்களைக் கண்டவர்கள் மடையின் அருமையை அறிவார்கள். உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குச் சென்று, வெயிலிற் காய்ந்து, செறிவு மிகுந்து, கடைசிப் பாத்தியில் உப்பாக விளைகிறது. மடைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும், திறக்கத் தகாத மடையைத் திறந்து புதுநீரை உள்ளே விட்டால், பல நாள் வெயிலின் பயன் கரைந்து போய்விடும். உப்பளத்துக்கும் கணினிக்கும் என்ன உறவு என நேயர்கள் வினவலாம். மென்பொருட் கருவி ஒன்றின் கையேட்டிலும் இத்தகைய மடை ஒன்று உண்டு.

நிரல் எழுதுவோர் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. ஒருவர் செய்த மாற்றத்தை மற்றொருவர் வரி வரியாகப் படித்து, பிழை கண்ட இடத்திலே கருத்துரை எழுதுவார். அது திருத்தப்பட்ட பின்னரே மாற்றம் மூல நிரலோடு சேரும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் கண்டிருக்க வேண்டுமென்பதில்லை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கைத் தன்னார்வலர்கள் ஆக்கிய ‘சகானா’ என்னும் பேரிடர் நிவாரண மென்பொருள், மறு ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. நிரலைத் திறந்து வைத்து வேலை செய்யும் முறையினாலேயே அத்தகைய பயணம் எளிதாயிற்று. இன்று கற்பிட்டியில் இருக்கும் ஓர் இளைஞரும் அம்முறையிலே கடல் கடந்த வேலையிற் பங்குகொள்ளலாம்.

இவ்வேலை பெரிதும் நடைபெறும் கிட்ஹப் தளத்தில், முன்னாளிலே ‘நானும் உடன்படுகிறேன்’ என்பதற்குக்கூட ஒரு கருத்துரை எழுத வேண்டியிருந்தது. அதனால் அஞ்சற்பெட்டிகள் நிரம்பின, பலர் முறையிட்டனர். 2016 மார்ச்சில் அத்தளம் கருத்துரையின் கீழே சிறு குறி இடும் வசதியைத் தந்தது. மேல்நோக்கிய பெருவிரல், கீழ்நோக்கிய பெருவிரல், சிரிப்பு, குழப்பம், இதயம், கொண்டாட்டம் என ஆறு குறிகள் முதலில் இருந்தன. ராக்கெட்டும் கண்களும் பின்னர் சேர்ந்தன.

குறி இடுவது எளிது; தவறி இடுவதும் எளிது. முகமறியாத ஒருவரின் கருத்துரையின் கீழே, நினையாமல் விழுந்த கீழ்நோக்கிய பெருவிரல் மனத்தாங்கலை உண்டாக்கக் கூடும். மேலும், மனிதருக்குப் பதிலாக வேலை செய்யும் தானியங்கி நிரல்கள், ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்குக் கண்களை இட்டு, வேலை முடிந்ததும் அதனை எடுத்துவிடுவதுண்டு. எடுப்பதற்கான கருவி பெரிதும் இவற்றுக்கே வேண்டப்படுகிறது.

இக்கருவிக்கு இரண்டு எண்கள் வேண்டும்: கருத்துரையின் எண் ஒன்று, குறியின் எண் மற்றொன்று. ‘இதயத்தை எடு’ என்று சொன்னாற் போதாது. ஒரே கருத்துரையின் கீழே பலருடைய இதயங்கள் இருக்கலாமல்லவா? ஆகவே முதலிற் குறிகளின் பட்டியலைக் கேட்டுப் பெற்று, தம்முடையது எதுவெனக் கண்டு, அதன் எண்ணைக் கொண்டே ஆணையிட வேண்டும். கையேடு எழுதுவோரிற் பலர் இப்படியை விட்டுவிடுகின்றனர். தமக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என எண்ணுவதே காரணம் போலும்.

மடை இருக்குமிடம் இனி வருகிறது. நீக்கும் ஆணைக்குரிய முகவரி நிரற்களஞ்சியத்தின் பெயரில் தொடங்கி, ‘புல்ஸ்’, ‘காமென்ட்ஸ்’, கருத்துரையின் எண், ‘ரியாக்‌ஷன்ஸ்’, குறியின் எண் என முடியும். கடைசி இரண்டு உறுப்புகளும் விடுபட்டுப் போனாலும் அது பிழையான முகவரி ஆகாது. அதுவும் செல்லுபடியான ஆணையே. ஆனால் அவ்வாணை நீக்குவது குறியை அன்று, கருத்துரையையே! ஆணையிட்டவருக்கு நீக்கும் உரிமை இருக்குமாயின், ஒருவர் அரை நாள் படித்து எழுதிய திருத்தக் குறிப்பு அக்கணமே மறைந்துவிடும். இரண்டுக்கும் கிடைக்கும் மறுமொழியோ ஒன்றேதான்: 204 என்னும் எண். ‘செய்தாயிற்று, சொல்ல ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள். மௌனமே சம்மதம் என்று மகிழ்பவர், எது நீங்கிற்று என்பதை அவ்வெண்ணிலிருந்து அறிய முடியாது.

வேறொரு சிக்கலும் உண்டு. நிரல் வரியோடு ஒட்டிய கருத்துரைக்கு மேற்சொன்ன முகவரி பொருந்தும். அதே பக்கத்திலே பொதுவாக எழுதப்பட்ட உரையாடலுக்கோ ‘புல்ஸ்’ என்னும் இடத்தில் ‘இஷ்யூஸ்’ வரும். இடம் மாறினால் 404 என்ற மறுமொழி வரும். பொருள் இல்லை என்பதற்கும், காண உரிமை இல்லை என்பதற்கும் அதுவே வருவதால் புதியவர் திகைப்பார். பழைய கையேடுகளையும் நம்பலாகாது. குறியின் எண் மாத்திரம் கொண்ட முந்தைய முகவரிக்குப் பதிலாக, 2020 பெப்ரவரியில் இப்போதைய நீண்ட முகவரிகள் அறிவிக்கப்பட்டன.

இவற்றை அறிந்து எழுதும் கையேடு எச்சரிக்கையை ஆணைக்குக் கீழே வைக்காது, மேலே வைக்கும். எந்த எண் எங்கிருந்து கிடைக்கிறது என்பதை உதாரணத்தோடு காட்டும். ஆணையிட்ட பின்னர் பட்டியலை மீண்டும் ஒருமுறை கேட்டு, குறி மறைந்ததையும் கருத்துரை நின்ற இடத்திலேயே நிற்பதையும் பார்க்கச் சொல்லும்.