அட, இது ஏன் முன்பே தோன்றவில்லை?

தாராவி 90 அடி ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, கை நீட்டினால் எதிர் வீட்டுச் சுவரைத் தொடக்கூடிய ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்கு இட்லி வியாபாரம். மாலை 4 மணிக்கு கிரைண்டர் ஓடத் தொடங்கும். இரவெல்லாம் மாவு புளிக்கும். அதிகாலை 3 மணிக்கு கொப்பரை அடுப்பில் ஏறும். விடிவதற்குள் அப்பா சும்மாடு வைத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் லோக்கலைப் பிடிக்கப் போய்விடுவார். தாராவியில் இப்படி எத்தனையோ வீடுகள். நெல்லைச் சீமையில் இருந்து வந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கிரைண்டர் பழையதாக வாங்கியது. சாய்க்கிற வசதி இல்லாதது. மாவை வழிக்க வேண்டும் என்றால் கல்லைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். அடுத்த ஈடு போட வேண்டும் என்றால் மறுபடியும் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கல் 12 கிலோ இருக்கும். நாள் ஒன்றுக்கு 3 ஈடு. ஆக 6 தடவை அம்மா குனிந்து அந்தக் கல்லைத் தூக்கினாள். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, 11 வருடம்!

நான் ரெயில்வேயில் கிளார்க். சரக்குக் கணக்கு போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 72 கிலோ. வருடத்துக்கு 26 டன்னுக்கு மேல். 11 வருடத்துக்கு சுமார் 289 டன். ஒரு கூட்ஸ் வேகன் ஏறக்குறைய 60 டன் ஏற்றும். லீவு நாளை எல்லாம் கழித்தாலும் நாலு வேகன் சரக்கை என் தாய் ஒருத்தியே கையால் தூக்கி இருக்கிறாள்.

நான் 10-ம் வகுப்பு பரீட்சை எழுதிய வருடம் அம்மாவின் வலது தோள் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கொண்டை போட முடியவில்லை. தசைநார் கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

15 நிமிட வேலை

பிறகு நான் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படிக்க உட்காருவேன். ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஏதோ கைமாற்று கேட்க வந்தார். 13-ம் காம்பவுண்டில் பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தவர். நான் இல்லாத நேரம் போலிருக்கிறது. அம்மா இடது கையால் கல்லோடு மல்லுக்கட்டிக் கொண்டு இருந்திருக்கிறாள்.

"என்ன மதினி, எத்தனை வருசமா இப்படித் தூக்குதிய?" என்று கேட்டார். வந்த காரியத்தைக் கூடச் சொல்லாமல் திரும்பிப் போனார். கடையில் இருந்து ஒரு கப்பியும், ஒரு கொக்கியும், கொஞ்சம் கயிறும் கொண்டு வந்தார். கூரையில் இருந்த இரும்பு ஆங்கிளில் கப்பியை மாட்டினார். கல்லின் தலையில் உள்ள பிடியில் கொக்கியைப் போட்டார். கயிற்றை இழுத்தார். கல் மேலே வந்தது. கயிற்றைச் சுவர் ஆணியில் சுற்றிவிட்டு, "இனி மாவை வழியுங்க" என்றார். மொத்தம் 15 நிமிடம்!

கப்பி என்ன மாயமா செய்கிறது? ஒற்றைக் கப்பி கனத்தைக் குறைப்பதே இல்லை. 12 கிலோ 12 கிலோதான். ஆனால் குனிந்து மேலே தூக்குவதற்குப் பதிலாக, நின்றபடி கீழே இழுக்கலாம். உடம்பின் கனமே பாதி வேலையைப் பார்த்துவிடும். முதுகுக்கும் தோளுக்கும் அந்த வேதனை கிடையாது. பெரிய ஓட்டல்களில் இதற்கென்றே சங்கிலி மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கொஞ்ச நேரம் கப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் பொறந்ததுல இருந்து கிணத்துல கப்பி போட்டுத்தானே தண்ணி எறச்சேன். எனக்கு ஏன் தோணல?" என்றாள். அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உரல் சுற்றட்டும்!

அந்தக் கேள்வியை நான் விடவில்லை. கிரைண்டரின் கதையே இப்படிப்பட்டதுதான். நம் பாட்டிமார் காலத்து ஆட்டுரலில் உரல் அசையாது, குழவி சுற்றும். குழவியைச் சுற்றுவது கை. எத்தனை நூறு வருடமாக இப்படி ஆட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. 1955-ல் கோவையில் பி.சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரைக் கொண்டு வந்தார். கிரைண்டரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழவி நின்ற இடத்தில் நிற்கிறது. உரல் சுற்றுகிறது! அவ்வளவுதான் வித்தியாசம். மனிதக் கைக்குக் குழவியைச் சுற்றுவது சுலபம். மோட்டாருக்கு உரலைச் சுற்றுவது சுலபம். கை செய்வதையே மெஷினும் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருந்தால் காரியம் ஆகாது. கோவை கிரைண்டருக்கு இப்போது புவிசார் குறியீடே இருக்கிறது.

எங்கள் சந்தில் இருந்த தையல்காரரிடம் இதைச் சொன்னேன். "எங்க மெஷின் ஊசியும் அப்படித்தான் தம்பி" என்றார். கை ஊசிக்கு காது பின்னால் இருக்கிறது. தையல் மெஷின் செய்ய முயன்றவர்களில் பலர் கை ஊசியைப் போலவே செய்யப்பார்த்து வருடக்கணக்கில் திண்டாடினார்கள். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெஷினில் காது ஊசி முனைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று தாராவியில் ஓடும் அத்தனை மெஷினிலும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தையல்காரருக்கே ஒரு கதை உண்டு. கண்பார்வை மங்கிய பிறகு, கறுப்பு நூலைக் கோர்க்க பையன்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார். ஒரு நாள் பில் புத்தகத்தின் வெள்ளைத் தாள் ஒன்று தற்செயலாக ஊசிக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. காது பளிச்சென்று தெரிந்தது! அன்று முதல் மெஷினில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். 30 வருடத் தொழிலுக்குப் பிறகு.

தகர டப்பாவில் உணவை அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1810-ல் காப்புரிமை கொடுத்தார்கள். டப்பாவைத் திறக்கும் கருவிக்கு 1855-ல்தான் கொடுத்தார்கள். நடுவே 45 வருடம் உளியும் சுத்தியலும்தான்!

சந்திரனுக்குப் பிறகு சக்கரம்

சரி, என் பிழைப்பு நடக்கும் இடத்துக்கு வருகிறேன். ஊருக்குப் போகும் நாகர்கோவில் எக்ஸ்பிரசை நினைத்துக்கொள்ளுங்கள். என் சிறு வயதில் அந்தக் கூட்டத்தில் டிரங்கு பெட்டி, கயிறு கட்டிய சூட்கேஸ், தலையணை உறை மூட்டை எல்லாம் தலையிலும் தோளிலும்தான் போகும். இன்று பிளாட்பாரம் முழுவதும் கடகடவென்று சக்கரச் சத்தம்.

மனிதன் சந்திரனில் இறங்கியது 1969 ஜூலையில். பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கருக்கு சூட்கேசுக்கு அடியில் சக்கரம் வைக்கும் யோசனை வந்தது 1970-ல்! குடும்பத்தோடு அரூபா தீவுக்குப் போய்விட்டு, இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்க முடியாமல் விமான நிலையத்தில் திணறினார். பக்கத்தில் ஒரு தொழிலாளி கனமான மெஷின் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்து அலட்சியமாகத் தள்ளிக்கொண்டு போனார். அந்தக் காட்சிதான் காரணம். 1972-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கடைக்காரர்கள் முதலில் வாங்கவில்லை. ஆண்பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு போவானா என்பது அவர்கள் எண்ணம்! அந்தப் பெட்டியும் படுத்தவாக்கில் வாரால் இழுக்கும்போது ஆடி ஆடிக் கவிழும். 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். அதற்குப் பிறகுதான் உலகமே இழுக்க ஆரம்பித்தது.

சக்கரம் பல்லாயிரம் வருடப் பழையது. பெட்டியும் பழையது. இரண்டும் சேர ஏன் இத்தனை காலம்? எனக்குத் தோன்றுவது இது. வசதி உள்ளவன் பெட்டியைத் தானே தூக்கவில்லை. போர்ட்டர் தூக்கினார். போர்ட்டரின் கழுத்து வலி பெட்டி செய்யும் கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்? தூக்குகிறவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. அவனுக்கும் தூக்குவதே உத்தியோகமாக இருக்கும்போது, தூக்காமல் இருக்க வழி தேடுவானா?

சிவப்புச் சட்டை போர்ட்டர் ஒருவரோடு டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். சிரித்தார். "சக்கரம் வந்து எங்க சுமையை இறக்கிட்டது சார், சோத்தையும் சேர்த்து இறக்கிட்டது" என்றார். 2008 ரெயில்வே பட்ஜெட்டில் போர்ட்டர்களுக்கு கேங்மேன் வேலை தருவதாக அறிவித்தார்கள். பலர் போனார்கள். 2016 பட்ஜெட்டில் 'கூலி' என்ற பெயரை 'சகாயக்' என்று மாற்றினார்கள். பெயர் மாறினால் பெட்டி வந்துவிடுமா?

இரண்டு அங்குல நுரை

மரப்பலகை பெர்த்தில் ஊருக்குப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு இரவு படுத்துவிட்டு எழுந்தால் இடுப்பு நமக்குச் சொந்தமாக இருக்காது என்பார்கள். மும்பையில் சித்தார்த் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர் பேராசிரியர் மது தண்டவதே. கொங்கணத்து ராஜாப்பூர் தொகுதி எம்.பி. 1977-ல் ரெயில்வே மந்திரி ஆனார். இரண்டாம் வகுப்புப் பலகை மேல் இரண்டு அங்குலம் நுரை மெத்தை போடச் சொன்னார். 1977 டிசம்பரில் ஹவுராவுக்கும் பம்பாய்க்கும் இடையே தொடங்கிய கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் வகுப்பு பேதம் இல்லாத வண்டியாகவே புறப்பட்டது. நுரை மெத்தை என்பது அப்போது கண்டுபிடித்ததா? இல்லை. முதல் வகுப்பில் மெத்தை இல்லாமல் இருந்ததா? அதுவும் இல்லை. போரிபந்தரில் இருந்து தானாவுக்கு முதல் ரெயில் ஓடியது 1853-ல். ஏழைக்கும் முதுகு உண்டு என்று தோன்ற 124 வருடம் ஆகியிருக்கிறது.

என்ஜின் டிரைவருக்குக் கழிவறை வைத்த முதல் என்ஜின் வந்தது 2016-ல். நான் ரெயில்வே சோறு தின்கிறவன். இதற்கு மேல் எழுத மாட்டேன். ஆனால் ஒன்றை எழுதாமலும் இருக்க முடியாது. லோக்கல் ரெயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் எத்தனை பேர் விழுந்தார்கள்! பிளாட்பாரத்தை உயர்த்தவேண்டும் என்பது தினமும் ஏறி இறங்கும் எவருக்கும் தெரிந்ததுதான். 2014-ல் காட்கோபரில் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு, ஐகோர்ட்டு தலையிட்ட பிறகுதான் அந்த வேலை வேகம் பிடித்தது.

படிக்கட்டு

வீட்டில் இப்போது சாய்க்கிற கிரைண்டர் இருக்கிறது. கப்பியை அம்மா கழற்றவிடவில்லை. யாராவது கேட்டால், "இருக்கட்டும்" என்பாள்.

இத்தனையும் யோசித்தவன் சும்மா இருப்பேனா? அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இன்னமும் அன்னக்கூடை தலையில்தான். போன ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "ஒரு இரும்புச் சட்டம் அடித்து, கீழே நாலு சக்கரம் வைத்துத் தருகிறேன் அப்பா. இழுத்துக்கொண்டே போகலாம்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஸ்டேஷன் பாலத்துப் படியில ஒஞ் சக்கரம் ஏறுமால?" என்றார்.

அம்மா உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் டூட்டிக்குப் போகும்போது அந்தப் படிகளை எண்ணினேன். ஏற 42. மறுபக்கம் இறங்க 42.