கை சொன்னாலும் சாட்சிதான்!

சேலம் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமா? கைதான் காட்ட வேண்டும். தறிச் சத்தம் அப்படி! அங்கே காது கேளாதவரும் மற்றவரும் ஒன்றுதான். நாமக்கல்லில் முட்டை வாங்கவும் வாய் வேண்டாம். எத்தனை என்பதை விரல் சொல்லிவிடும்.

ஆனால், கோர்ட்டுப் படி ஏறினால்?

"யார் அடித்தது? எப்போது?" என்று வக்கீல் கேட்பார். விரல் கணக்கு போதாது. கூட வந்த உறவினர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால், வழக்கே மாறிவிடும்!

பேச இயலாதவர் சைகையால் சொன்னாலும் அது வாய்ச் சாட்சிதான் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2013-இல் அதைத் திருத்தினார்கள். சைகை மொழிபெயர்ப்பாளரோ, சிறப்பு ஆசிரியரோ துணைக்கு இருக்க வேண்டும். சாட்சி சொல்வதை வீடியோ எடுக்க வேண்டும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது உண்டு.

வீடியோ எதற்கு? கை சொன்னது ஒன்று, மொழிபெயர்த்தது வேறு என்றால், பிறகு போட்டுப் பார்க்கலாம்!

2023 செப்டம்பரில் காது கேளாத பெண் வக்கீல் சாரா சன்னி, சுப்ரீம் கோர்ட்டில் வீடியோ மூலம் ஆஜரானார். அவர் கை பேசியது. மொழிபெயர்ப்பாளர் அதை வாயால் சொன்னார். நீதிபதிகள் கேட்டார்கள்.

உண்மை சொல்லக் கை போதும். அதைச் சரியாகப் படிக்க ஒருவர் வேண்டும்!